வானத்துக்குச் சிவப்பு விளக்கு போட்டவர்

வானத்தையே அளந்து பார்த்து, 'இது சரியில்லப்பா' என்று திருப்பி அனுப்பத் துணிந்த மனிதர் இந்த ஒரகடம் வட்டாரத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர்தான் எங்கள் டிரெண்டு அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

கார் கதவு செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு, வேறொரு கம்பெனியிலிருந்து தரப் பரிசோதகராக வந்து சேர்ந்தவர் அவர். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கதவின் இடைவெளி எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. தினம் துளித்துளியாக ஒரே பக்கமாக நகர்ந்தால், எல்லையைத் தொடும் முன்பே சிவப்பு விளக்கைப் போட்டு உற்பத்தி லைனை நிறுத்திவிட வேண்டும். அப்படி நகர்வதற்குத்தான் டிரெண்டு என்று பெயர். மற்ற பரிசோதகர்கள் இந்தச் சட்டத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் கூடவே கூட்டிக்கொண்டு போவார்.

கேன்டீன் வடையை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த கதை ஊருக்கே தெரியும். "வடை சின்னதாவல தலைவா, அதே சைசுதான். ஓட்டைதான் பெருசாவுது. டிரெண்டு பாரு!" என்று அவர் கண்டுபிடித்துச் சொன்ன மறுவாரம், கேன்டீன்காரர் ஓட்டையே இல்லாத வடையைப் போட்டார். நடுவில் வேகவில்லை. அதற்கும் அண்ணன்தான் காரணம் என்று மொத்த ஷிஃப்டும் திட்டியது. சூப்பர்வைசரின் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போவதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி மெமோ வாங்கியதும் இவர்தான்.

ஒருநாள் மாலை, குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். மேற்கே பிரம்மாண்டமாக ஒரு இடிமேகம் எழும்பி நின்றது.

"தலைவா, மேல பாரு. அந்த மேகம் உச்சியில தோசைக்கல்லு மாரி தட்டையா கீதா?"

"ஆமாண்ணே."

"ஏன்னு என்னிக்காவது யோசிச்சியா? அங்க ஒரு கூரை கீது. கீழ்க்காத்துக்கும் மேல்காத்துக்கும் நடுவுல எல்லை. மேகம் ஏறிப் போயி அதுல முட்டிக்கினு, வழியில்லாம பக்கவாட்டுல பரவுது."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்ணே."

"எங்க இருக்குது? அது பல வருஷமா மேல ஏறிக்கினே கீது. பலூன் வுட்டு அளந்து வெச்சிருக்காங்க. கீழ்க்காத்து சூடாகி உப்புது, மேல்காத்து குளுந்து சுருங்குது. இட்லி மாவு பொங்குற மாரிதான். கொஞ்சமாதான் ஏறுது, ஆனா ஒரே பக்கமா ஏறுது. டிரெண்டு!"

"பொங்கி வழிஞ்சிட்டா இன்னாண்ணே பண்றது?" என்றேன். அண்ணன் என்னைக் கேன்டீன் வடையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் என் தலையில் இன்னொன்று விழுந்தது. புதிய ரோபோ லைனுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள். இனி எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும்தான். மகள் முழித்திருக்கும்போதே அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். எத்தனையோ வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை, புனேயில் பயிற்சி முடித்துவிட்டு வரவேண்டும். விமானத்தில் போகவேண்டும்.

நான் விமானத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்து குனிந்து பார்த்ததில்லை. அதுவும் கூரையே நகர்ந்துகொண்டிருக்கும்போது! எங்கள் வழக்கப்படி பார்த்தால் வானத்துக்குச் சிவப்பு விளக்கு எரிந்தாகிவிட்டது. லைன் நிற்க வேண்டும். ஆனால் ஏர்போர்ட்காரர்கள் ஒன்றும் அறியாதவர்கள்போல் விமானத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் மலைமேல் முருகனிடம் முறையிடப் போனேன். உச்சிக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. ஆஹா, மேலே காற்று குறைய ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சட்டையின் கடைசிப் பொத்தான் பல மாதமாக மாட்டமுடியாமல் இருப்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

எச்.ஆர். பெண்ணிடம் போய், "மேடம், ட்ரெயின்ல போகட்டுமா?" என்றேன்.

"சார், நீங்க ட்ரெயின்ல போய்ச் சேர்றதுக்குள்ள ரோபோவுக்கே ரிட்டயர்மென்ட் வந்துடும். முடியலைன்னா சொல்லுங்க, வெல்டிங் லைன்ல ஒருத்தர் பெட்டி கட்டி ரெடியா இருக்காரு."

வீட்டில் மனைவியிடம் கூரை விஷயத்தை விளக்கினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "வானம் ஏறுனா ஏறிட்டுப் போவட்டும். நீங்க மொதல்ல ஃப்ளைட்ல ஏறுங்க" என்றாள்.

கடைசியில் டிரெண்டு அண்ணனிடமே போய் நின்றேன். "அண்ணே, நான் போகல. அந்தப் பதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாம் உங்க கூரையால வந்தது."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இன்னாபா இது! செவப்பு லைட் எரிஞ்சா லைன்ல கீறவன் வூட்டுக்கா ஓடுறான்? நின்னு, இன்னா காரணம்னு தேடுறான்ல? நாம எல்லாரும் கீழ அடுப்ப ஏத்திக்கினே கீறோம், கொஞ்சம் கொறைங்கடான்னு சொல்றதுக்குத்தான் நான் டிரெண்டப் பேசறேன். ஒன் ஃப்ளைட்ட நிறுத்தறதுக்கா பேசுனேன்?"

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. மறுநாள் எச்.ஆர். அறையிலிருந்து வெளியே வந்தவர், "தரத்துக்கு ஒரு ஆள் போவணும்னு சொல்லி எம் பேரையும் சேத்துட்டேன் தலைவா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எனக்கும் ஒதறலாத்தான் கீது. நீ கொஞ்சம் பக்கத்துலயே இரு" என்றார்.

விமானத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்து என் பயம் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றது. பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் என் பெல்ட்டை இழுத்தார். என்ஜின் உறுமியதும் என் கையை, லைனில் பொருளைப் பற்றும் கிடுக்கிபோல் பிடித்துக்கொண்டார்.

"தலைவா, இது இன்னா சத்தம்?"

"சக்கரம் உள்ள போவுதுண்ணே. பயப்படாதீங்க." எனக்கு மட்டும் என்ன தெரியும்? அடித்துவிட்டேன்.

"குலுக்குதே!"

"ஒரகடம் ரோட்ட விடவா குலுக்குது?"

தூரத்தில் ஒரு இடிமேகம், உச்சி தட்டையாக நின்றது. அண்ணன் கண்களை இறுக மூடிக்கொண்டு, "அந்தக் கூரை எங்க கீது? நாம போயி முட்டிக்குவோமா?" என்றார்.

"மேலண்ணே, நமக்கு ரொம்ப மேல. அந்த மேகம் தட்டையா நிக்குது பாருங்க, அங்கதான். அதுகூட வருஷக்கணக்குல, கண்ணுக்கே தெரியாத அளவுக்குத்தான் ஏறுது. நாம கீழயே போயி கீழயே எறங்கிடுவோம்."

அவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இட்லி மாவு வரைக்கும் வந்தபோது, விமானம் புனேயில் இறங்கி நின்றிருந்தது. நான் பயப்பட நேரமே கிடைக்கவில்லை.

பயிற்சி நடந்த இடத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர்தான் பயிற்சியாளர். அண்ணனைப் பார்த்ததும் கைகுலுக்கிச் சிரித்தார். "வாங்க அண்ணாச்சி! பழைய கம்பெனியில இருந்தப்ப மாசாமாசம் ஃப்ளைட்ல பறந்து வந்து எங்க உசிர எடுப்பியளே, மறந்துட்டியளோன்னு நெனச்சேன்."

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த ரோபோவின் மூட்டில் ஏதோ இடைவெளியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்தது, பதவியும் உறுதியானது. ஊருக்குத் திரும்பும் விமானத்தில் அண்ணன் பெல்ட்டைப் பார்க்காமலேயே ஒரே சொடுக்கில் மாட்டினார். விமானம் கிளம்பி ஓடுபாதைக்கு வரும் முன்பே குறட்டை. கொஞ்ச நேரத்தில் தலை சரிந்து என் தோளில் விழுந்தது. நடுவில் விமானம் இரண்டு தடவை நன்றாகவே தூக்கிப் போட்டது. தோள் மரத்துப்போயும், அவர் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று சென்னை வரைக்கும் நான் அசையவில்லை.