ஒற்று மிகும் இடம்

ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, ஒற்றுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இத்தனை காலம் மற்றவர்கள் செய்த பிழைகளைத் திருத்தியது போதும். இனி சொந்தமாகச் சில பிழைகள் செய்தே தீருவது. அதாவது, நாவல் எழுதுவது.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பிழைதான் அவர் பிழைப்பு. அழைப்பிதழ், மருந்துப் பெட்டி மேலட்டை, பாடநூல், காணவில்லை அறிவிப்பு, எது வந்தாலும் சரி, க், ச், த், ப் என்ற நான்கில் எது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் செருகிவிடுவார். செருகி முடித்ததும் தாளின் அடியில் 'சரி பார்த்தேன்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத தாளை அச்சு இயந்திரக்காரர் தொடமாட்டார். முப்பது வருடத்தில் கை பழகிப்போய்விட்டது. பேனா ஓர் ஒற்றைப் போட்டதும் கையெழுத்து தானாக வந்து விழும். அச்சகத்தில் வைத்த ஒற்றுக்காரர் என்ற பெயர் அவர் குடியிருந்த கட்டடம் வரை வந்து சேர்ந்திருந்தது.

இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. எழுத்தைப் பார்க்கிறவர் அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. அர்த்தத்தில் மனசு போனால் எழுத்து நழுவிவிடும். ஒரு தடவை தன் சொந்த மைத்துனரின் திருமண அழைப்பிதழையே திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர் அவர்.

நாவல் ஆசை திடீரென்று வந்ததற்குக் காரணம் இலக்கியம் அல்ல, மோட்டார். கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேறு வீடு மாறிப் போகிறார். புதுச் செயலாளர் வேண்டும். செயலாளர் என்றால் விடிந்ததும் தண்ணீர் மோட்டார் போட வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாடிக் குளியலறை நாலாவது மாடிக் கூடத்தில் ஒழுகினால் இரண்டு வீட்டுத் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஒரு பலன்தான். மொட்டைமாடிச் சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும்.

அந்தச் சாவியின் மேல் இரண்டு பேருக்குக் கண். ஒருவர் ஒற்றுக்காரரின் மனைவி. அவளுக்கு மாடியின் கிழக்குப் பக்கம் வேண்டும், துணி காயப்போட. இன்னொருவர் எதிர்வீட்டு அம்மா. அவளுக்கும் அதே கிழக்குப் பக்கம் வேண்டும், பூந்தொட்டி வைக்க. தொட்டி மண் துணியில் படுகிறது என்று இவளும், துணியின் நிழல் தொட்டியில் விழுகிறது என்று அவளும் இரண்டு வருடமாக லிஃப்டில்கூடச் சேர்ந்து போவதில்லை. இருவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். தன் வீட்டுக்காரரைச் செயலாளர் ஆக்குவது. தாங்களே நிற்கலாமே என்று கேட்கிறவர்கள் குடித்தனம் நடத்திப் பழகாதவர்கள். சாவிதான் வேண்டும், மோட்டார் வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலிருந்தே பதினெட்டு வருடம் ஓட்டியவர். எங்கே ஆபத்து தெரிந்தாலும் வலது காலைத் தரையில் அழுத்துவார். வீட்டுக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாலும் அழுத்துவார். பிரேக் என்றால் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒற்றுக்காரருக்கு எவ்வளவு விருப்பமோ, அவ்வளவுதான் அவருக்கும் செயலாளர் பதவியில் விருப்பம்.

"நாவல் எழுதப் போறேன்" என்று ஒற்றுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார்.

"எழுதுங்களேன். மோட்டார் ஓடுற நேரம் சும்மாதானே நிப்பீங்க."

"அதெல்லாம் சரிப்படாது. ஞாயித்துக்கிழமை முழுக்க எனக்கு வேணும். செயலாளர் பேச்சே எடுக்காதே."

மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். பதினாறு வருடமாகப் பரீட்சை வினாத்தாள் எல்லாம் அவள் கையால்தான். ஒரு கேள்விகூட வெளியே கசிந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மனதில் போட்டு வைத்தால் முகத்தில் தேடிப் பயனில்லை. என்ன கதை என்று மட்டும் கேட்டாள்.

அவர் உட்கார்ந்து விஸ்தாரமாகச் சொன்னார். வெயிலரசி, மழையரசி என்று இரண்டு தேவிகள். ஜென்மப் பகை. வானவாசலின் திறவுகோல் யாருக்கு என்று சண்டை. தேவிகள் தங்கள் கையால் அதைத் தொடக்கூடாது என்று விதி. ஆகவே ஆளுக்கொரு மனிதனைத் தேர்ந்தெடுத்து, ஏழு மலை தாண்டி எடுத்து வரச் சொல்கிறார்கள். ஒருவன் அரண்மனையில் ஓலை எழுதுகிறவன். இன்னொருவன் குதிரைக்கு ஓடப் பழக்குகிறவன். இருவருக்குமே போக இஷ்டமில்லை.

"அப்புறம் பெரிய போர் வருது. பத்து அத்தியாயத்துக்குப் போர்தான்."

"அது கேக்கும்போதே தெரியுது" என்றாள் மனைவி.

அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். உங்கள் கையெழுத்தை அந்தத் தேவிகளே வந்தாலும் படிக்க முடியாது, எழுதியதைக் கொடுங்கள், நானே அடித்துத் தருகிறேன் என்று அவள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வளர்ந்தது. மூன்றாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம், வண்டி நிறுத்துமிடத்தில் தூணுக்குப் பின்னால் ஒற்றுக்காரரும் பிரேக்கும் சந்தித்துக்கொண்டார்கள். இருவர் வீட்டிலும் நெருக்கடி முற்றியிருந்தது. எப்படியும் கையெழுத்துப் போட்டு வேட்புமனு கொடுத்தால்தானே ஆச்சு, இரண்டு பேருமே கொடுக்காமல் இருந்துவிடுவோம், மூன்றாவது ஆள் எவனாவது மாட்டிக்கொள்ளட்டும் என்று பிரேக் யோசனை சொன்னார். கைகொடுத்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். மேலே ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டதும் பிரேக்கின் வலது கால் தரையில் அழுந்தியது.

அந்த ஞாயிறு ஒற்றுக்காரர் எழுதிய நாலாவது அத்தியாயத்தில் ஓலைக்காரனும் குதிரைக்காரனும் ஒரு பாழுங்கிணற்றுக்குப் பின்னால் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே மலைக்குப் போவதில்லை என்று கைகொடுத்துச் சத்தியம் செய்தார்கள். எழுதியதை அவரே கொண்டுபோய் மனைவி கையில் கொடுத்தார். தன் குட்டைத் தானே உடைக்கிறோம் என்று அவருக்குத் துளியும் தோன்றவில்லை. தூணைக் கிணறாக மாற்றியாயிற்று. காரைக் குதிரையாக மாற்றியாயிற்று. இதற்கு மேல் ஓர் எழுத்தாளன் என்ன செய்ய முடியும்?

அடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, இந்தக் குதிரைக்காரன் பயந்தா ஏன் வலது காலைத் தரையில அழுத்துறான்?"

"அது பாத்திரப் படைப்பு. உனக்குப் புரியாது."

"ஓ. இன்னொண்ணு. தேவி தேர்ந்தெடுத்துட்டா இவன் போய்த்தானே ஆகணும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். தேவி யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வற்புறுத்த முடியாது. ஓலையின் அடியில் அவனே தன் கையால் குறி போட வேண்டும். குறி இல்லாவிட்டால் தேர்வு செல்லாது.

"தெய்வமே ஆனாலும் அவன் கை வைக்காம ஒண்ணும் நடக்காது. கதையோட முடிச்சே அதுலதான் இருக்கு."

"நல்ல முடிச்சு" என்றாள் அவள், மறுபடி அடிக்க ஆரம்பித்து.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நாற்பத்தொரு தாள்களை அடுக்கிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அடித்ததில் பிழை இருந்தால் பாருங்கள் என்றாள். தன் சொந்த எழுத்துக்குத் தானே பிழை பார்ப்பது எப்படிப்பட்ட சுகம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு தாளாக விரல் ஓடியது. சரி பார்த்தேன், தேதி, கையெழுத்து. சரி பார்த்தேன், தேதி, கையெழுத்து. மொத்தத்தில் அவள் விட்டிருந்தது ஒரே ஓர் ஒற்று. அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"இருபத்தேழாவது தாள்ல 'பதவிக்கு' பக்கத்துல ஒரு ப் விட்டுட்டே. நாலாம் வேற்றுமைக்குப் பின்னாடி ஒற்று மிகும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"கவனிக்கலைங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அதே வண்டி நிறுத்துமிடத்தில். ஒற்றுக்காரரும் பிரேக்கும் கடைசி வரிசையில், அதே தூணுக்குப் பக்கத்தில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு வினோதம். இரண்டு வருடமாகப் பேசாத இரண்டு பெண்களும் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தார்கள். இடம் கிடைத்திருக்காது, பாவம் என்று ஒற்றுக்காரர் நினைத்துக்கொண்டார்.

பழைய செயலாளர், ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர் முகத்தோடு, எழுந்து நின்று அறிவித்தார். இரண்டு வேட்புமனுக்கள் வந்திருக்கின்றன. செயலாளர் பதவிக்கு ஒன்று, துணைச் செயலாளர் பதவிக்கு ஒன்று. போட்டி இல்லாததால் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டார்கள். செயலாளர், நம்முடைய ஒற்றுக்காரர். துணைச் செயலாளர், பிரேக்.

ஒற்றுக்காரர் எழுந்தே விட்டார்.

"நான் மனுவே கொடுக்கலையே, சார்."

பழைய செயலாளர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். பக்க எண் இருபத்தேழு.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? 'செயலாளர் பதவிக்குப் போட்டியிட விரும்புகிறேன்.' கீழே உங்க கையெழுத்து. 'சரி பார்த்தேன்'னு வேற எழுதியிருக்கீங்க. டைப் பண்ணவங்க விட்ட ப்பைக்கூடச் சிவப்புல போட்டிருக்கீங்க. இவ்வளவு அக்கறையா மனு கொடுத்த ஆளை நான் பார்த்ததே இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். கையெழுத்தையாவது என்னுடையதல்ல என்று சொல்லிவிடலாம். அந்தப் ப்பை எப்படி மறுப்பது? இருபத்து நான்கு வீட்டிலும் அதைப் போடக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். பக்கத்தில் பிரேக் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். மாணவர்களின் வருகைத்தாள் கட்டுக்குள் எதிர்வீட்டு அம்மா ஒரு தாளைச் செருகி வைத்திருக்கிறாள். அவர் வழக்கம்போல எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறார். இப்போது வலது காலை முடிந்த மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார். எதுவும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒற்றுக்காரர் வெடித்தார். நான் ஒற்றுப் போடுகிறவன்தான், ஆனால் இந்த வீட்டில் ஒற்று வேலை பார்த்தது நீ என்றார். அவள் மறுக்கவில்லை.

"நாலாவது அத்தியாயத்தை எதிர்வீட்டம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவங்களுக்குக் கதை ரொம்பப் பிடிச்சுது. ஒரே ஒரு குறைதான் சொன்னாங்க."

"என்ன குறை?"

"ரெண்டு ஆம்பளைங்களும் கிணத்துக்குப் பின்னாடி பேசிக்கிறாங்க. ரெண்டு தேவியும் மட்டும் ஏன் பேசிக்கவே மாட்டேங்குறாங்கன்னு கேட்டாங்க. அப்புறம் நாங்க பேசிக்கிட்டோம். மத்தியானம் வரைக்கும் துணி, அதுக்கப்புறம் தொட்டி. சாவி வீட்டுக்கு ஒண்ணு."

ஒற்றுக்காரர் பத்து அத்தியாயத்துக்கு வைத்திருந்த போரை இரண்டு பெண்கள் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டார்கள். அவருக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது. "என் ஞாயித்துக்கிழமை போச்சே" என்று மெதுவாகச் சொன்னார்.

அதைக் கேட்டு அவளுக்கும் மனசு இளகியது. இளகியது போல்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை உங்களை யார் தொந்தரவு பண்ணப் போகிறார்கள், அன்றைக்கு மோட்டாரும் லிஃப்டும் எதிர்வீட்டுக்காரர் பொறுப்பு, நீங்கள் உட்கார்ந்து எழுதுங்கள் என்றாள். யார் யாருக்கு எந்தக் கிழமை என்று எல்லாவற்றையும் அடித்தே வைத்துவிட்டேன் என்று ஒரு தாளை நீட்டினாள்.

ஒற்றுக்காரர் உஷாரானார். இந்த முறை ஏமாறுவதாக இல்லை. எழுத்து எக்கேடு கெட்டுப் போகட்டும், அர்த்தத்தை மட்டும் பார்ப்பது என்று கண்ணாடியை மூக்கில் அழுத்திக்கொண்டார். பேனாவை வேண்டுமென்றே மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். திங்கள், மோட்டார், செயலாளர். சரி. செவ்வாய், லிஃப்ட், துணைச் செயலாளர். சரி. ஞாயிறு, செயலாளருக்கு முழு ஓய்வு. அவள் சொன்னது நிஜம்தான். நெஞ்சு குளிர்ந்தது. நல்லவள்தான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார்.

அங்கே ஓர் ஒற்று இல்லை.

பேனா எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு ச்சைச் செருகினார். சரி பார்த்தேன் என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். தாளை அவள் மடித்து எடுத்துக்கொள்ளும்போதுதான் அந்த வரியை முதல் தடவையாகப் படித்தார்:

'அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் நானே செயலாளராக இருக்கச் சம்மதிக்கிறேன்.'

அந்தச் ச் மட்டும் சிவப்பாக இருந்தது.