உங்கள் தங்கையை நான் ஃபெயிலாக்கிய விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் இந்த இடத்தில் எழுத வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. அதற்குக் காரணம் நானேதான் என்று நினைக்க நினைக்க இன்னும் கூடுகிறது. அவளைச் சமூகப் பணி படிக்கச் சேர்த்துவிட்டவர் நீங்கள் என்பதால், ஆதியோடு அந்தமாக உங்களுக்கே எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் இந்த வேலையில் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். குடிகாரக் கணவன், வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, கேட்க நாதியில்லாத கிழவர் என்று அவள் பார்க்காத குடும்பம் இல்லை. அப்படிப்பட்டவளை இன்னும் படி என்கிறார்கள், மச்சான். சமூகப் பணியாளர் என்றால் வேலையில் இருக்கும்வரை தொடர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எடுத்ததைக் காட்டினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்களாம், இல்லாவிட்டால் வேலைக்கே போகக் கூடாதாம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் ஓய்வு பெறும்வரை வண்டி ஓட்டுகிறவர்களைப் பரிசோதித்து உரிமம் கொடுத்தவன்தான். கொடுப்பதற்கு முன்னால் ஆளைப் பிழிந்து எடுப்பேன். கொடுத்த பிறகு ஒருவரையும் திரும்பக் கூப்பிட்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்டதில்லை. இதை அவளிடம் சொன்னேன். "அதனாலதான் ரோடு இந்த லட்சணத்துல இருக்கு" என்றாள்.

பயிற்சியை அவர்கள் பயிற்சி மையத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் வாரம் கற்றுக்கொண்டது, எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வாயால் திரும்பச் சொல்லி, அவருக்கு நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று புரியவைப்பது. நான் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, "சாப்பாட்டுல உப்பு இல்லாதது உங்களுக்கு ஏமாற்றமா இருக்கு, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினாள். நான் முழுமையாகக் கேட்கப்பட்டேன், மச்சான். உப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை.

அடுத்தது மௌனம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, எதிராளி தானாக வாய் திறக்கும்வரை அமைதியாகக் காத்திருக்க வேண்டுமாம். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, ஆனால் எழுந்தும் போகாது. அதற்கு முன்னால் கல்லும் பேசிவிடும். "மனசுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்படி உட்கார்ந்ததும், நான் தாங்க முடியாமல், நீங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை என்று உளறிவிட்டேன். இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரம் சரியாகத்தான் காட்டுகிறது.

அதற்கும் அடுத்த வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு, அது நான் என்றாள். சுற்றிலும் மற்றவர்களுக்கு வட்டங்கள். நெருக்கமான உறவு என்றால் தடித்த கோடு, சுமார் என்றால் மெல்லிய கோடு, பேச்சுவார்த்தை குறைந்தவர்களுக்குப் புள்ளிக் கோடு. அவள் கேள்வி கேட்டுக் கேட்டுக் கோடு போட, நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வெளியூரில் இருக்கும் நம் பையனுக்குப் புள்ளிக் கோடு. உங்களுக்கு மெல்லிய கோடு, அதையும் நான் கெஞ்சித்தான் போட வைத்தேன். என்னிடமிருந்து புறப்பட்ட ஒரே தடித்த கோடு எனக்கு முடிவெட்டுகிறவரிடம் போய் நின்றது. "உனக்கு எங்கே கோடு?" என்றேன். "நான் பயிற்சி எடுக்கறவ, என்னை இதுல போடக் கூடாது" என்றாள்.

இதெல்லாம் சின்ன அதிர்ச்சிகள். பெரியது நேற்று. பயிற்சியின் முடிவில், உதவி கேட்டு வந்த ஒருவரிடம் அவள் பேசுவதை ஒரு மதிப்பீட்டாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிறகு உதவி கேட்டவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். ஒத்துக்கொண்டிருந்த பெண்மணி நேற்றுக் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வர முடியாதென்று சொல்லிவிட்டார். வேறு தேதி கிடையாது. நேற்று விட்டால் பதிவு போய்விடும், அவள் பார்த்துக்கொள்கிற குடும்பங்களையெல்லாம் வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் வளர்ப்பு வீட்டில் இருக்கும் ஒரு சிறுமி, உங்கள் தங்கையைத் தவிர யாரிடமும் வாய் திறப்பதில்லையாம். உங்கள் தங்கை அலுவலகத்திலிருந்து போனில் இதையெல்லாம் சொன்னாள். நடிப்பாக இருந்தாலும் போதும், சொந்தக்காரராக இருந்தாலும் பரவாயில்லை என்று மதிப்பீடு செய்கிற அம்மா சொன்னாராம். நான் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

ஒரு சின்ன அறை, மூன்று நாற்காலி, மேஜையில் தண்ணீர், கண்ணைத் துடைக்க ஒரு பெட்டியில் மெல்லிய காகிதம். என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். 'ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்பார்.' வீட்டில் நான் பேசுவதே அவ்வளவுதான் என்பதால் ஒத்திகை தேவைப்படவில்லை.

"வணக்கம் ஐயா, உள்ள வரலாமா?" என்றாள் உங்கள் தங்கை, அறை வாசலில் நின்று. இத்தனை வருடத்தில் அவள் வாயில் எனக்கு அப்படியொரு மரியாதை வந்ததில்லை. சிரிப்பு முட்டியது. மதிப்பீட்டு அம்மா பேனாவைத் திறந்ததும் அடக்கிக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை."

"சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லை."

"அவங்க இல்லாம இருக்கறது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் அந்த மௌனத்தை ஆரம்பித்தாள்.

நான் சத்தியமாக நடிக்கத்தான் நினைத்தேன், மச்சான். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவ இருந்தப்ப, வேலை முடிஞ்சு வந்ததும் அன்னிக்கு நடந்ததைச் சொல்லுவா. யார் பேரும் சொல்லமாட்டா, சொல்லக் கூடாதாம். இன்னிக்கு ஒரு பிள்ளை சிரிச்சுதுங்கன்னு மட்டும் சொல்லுவா. நான் டிவி சத்தத்தைக் குறைக்காம ம்ம்னு சொல்லுவேன். இப்ப டிவியை அணைச்சிட்டு உக்காந்திருக்கேன். சொல்றதுக்குத்தான் ஆளில்லை" என்றேன். சொல்லி முடித்தபோது என் முகம் நனைந்திருந்தது. நான் அழுதேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிக்காக, அவள் கண்ணெதிரிலேயே அழுதிருக்கிறேன்.

உங்கள் தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, இதை வீட்டுல வாயைத் திறந்து சொன்னா என்ன? நான் செத்தாத்தான் சொல்லுவீங்களா?" என்று கத்தினாள். குறுக்கே பேசக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, குற்றம் சொல்லக் கூடாது, சொந்தக் கதையைக் கலக்கக் கூடாது என்று இத்தனை வாரம் படித்த அத்தனையும் ஒரே மூச்சில் காற்றில் போனது. பிறகு அவளுக்கே உறைத்து, வெளிறிப்போய் உட்கார்ந்தாள்.

மதிப்பீட்டு அம்மா பதறாமல் என் பக்கம் திரும்பினார். "ஐயா, உதவி கேட்டு வந்தவரா நீங்க சொல்லுங்க. இவங்க எப்படிச் செஞ்சாங்க?"

நன்றாகச் செய்தார் என்று சொல்லத்தான் வந்தேன். அவள் வேலையே அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூடிய அறை, திறந்த பேனா, பக்கத்தில் வியர்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் என்று பார்த்ததும் என் வாய் உத்தியோகத்துக்குத் திரும்பிவிட்டது. "ஃபெயில்" என்றேன். "ஆரம்பம் நல்லா இருந்துது. நடுவுல கட்டுப்பாடு போயிடுச்சு. சிக்னல் குடுக்காம திரும்பிட்டாங்க. இன்னும் நல்லாப் பழகிட்டு மறுபடி வரச் சொல்லுங்க."

மதிப்பீட்டு அம்மாவின் பேனா அப்படியே நின்றது. உங்கள் தங்கை, "அவர் சொல்றது சரிதான் மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் சொல்வதைத் திருப்பிச் சொல்வதும் இல்லை. இன்று காலையில் காபி வந்தது, சூடாக வந்தது, வார்த்தை வரவில்லை. அந்தச் சிறுமி இனி யாரிடம் பேசுவாள்? மச்சான், தயவு செய்து உடனே புறப்பட்டு வாருங்கள். உங்கள் பேச்சுக்கு அவள் கட்டுப்படுவாள். நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மதிப்பீட்டு அம்மாவிடமும் பேசுங்கள். என்னிடம் கருத்துக் கேட்டது அவர் தப்பு. இப்படி நல்ல குடும்பங்களில் குழப்பம் உண்டாக்குகிற பயிற்சியையே நிறுத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதவும் நான் தயார்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. நீங்கள் வர வேண்டாம். உங்கள் தங்கை தேறிவிட்டாள். கட்டிய கணவனே முகத்துக்கு நேரே பயமில்லாமல் ஃபெயில் என்று சொல்கிற அளவுக்கு அவள் ஒரு பாதுகாப்பான சூழலை உண்டாக்கியிருக்கிறாளாம், அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது இன்னும் உயர்வாம். கத்தியதற்கு ஒரு வரி கண்டனம், அவ்வளவுதான். எனக்கு வந்த அதிர்ச்சியில் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். மேலே பயிற்சியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும், அது மிக அருமையான ஏற்பாடு. மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கும் மாதம் ஒருமுறை அதே வேடத்தில் வந்து உட்கார முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் சந்தோஷமாகச் சரி என்றேன். உங்கள் தங்கைதான் போனைப் பிடுங்கி, "அவர் வருவாரு மேடம், ஆனா வேற வேஷம் குடுங்க, குடிகாரன்னாலும் பரவாயில்லை" என்றாள். ஏன் என்று கேட்டேன். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்: "மாசாமாசம் என்னால சாக முடியாதுங்க."