வட்டம் போட்டவர்

சரித்திரத்தை மதியச் சாப்பாட்டுக்குள் ஒழித்துக்கட்டிவிடுவது என்று வட்டம் தீர்மானித்தார். உலக சரித்திரத்தை அல்ல. அவ்வளவு தைரியம் அவருக்கு ஏது? ஒரு லைப்ரரியின் சரித்திரத்தை.

புத்தக லைப்ரரி அல்ல; கணினித் திரையில் கோடும் வளைவும் வரைந்து தரும் நிரல்களின் தொகுப்பு, யாரும் பார்க்கலாம், எடுக்கலாம் என்று திறந்து வைத்த ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி அது. ஒரு புள்ளியைக் கூரை அளவுக்குப் பெருக்கினாலும் பிசிறு தட்டாது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், முதல் வேலையில் இருந்தபோது, அதில் வட்டம் வரையும் பகுதியை எழுதியது தாமே என்பார் நம்மவர். "நான் போட்ட வட்டத்தைப் பாத்துட்டு நிலாவே மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு!" சொல்லிச் சொல்லிப் பெயரே வட்டம் ஆகிவிட்டது. எதிர் மேசையில் நிரல்களில் பிழை பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பிரிண்டர் தாளில் அந்த வட்டத்தை அச்சடித்து நீட்டித்தான் கல்யாணப் பேச்சையே எடுத்தார். தாள் பழுத்துவிட்டது. இன்னும் படுக்கையறைச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

இப்போதும் இருவருக்கும் ஒரே கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை. அவர் முன்னறையில் எழுதுவார். மனைவி சாப்பாட்டு மேசையில் பிழை பிடிப்பாள்.

அந்த லைப்ரரியை, கம்பெனி தன் நிரல்களைச் சேர்த்து வைக்கும் ரெப்போவுக்குள் கொண்டுவரும் வேலை வட்டத்தின் தலையில் விழுந்தது. ரெப்போ சும்மா பெட்டி இல்லை. எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக எழுதினார் என்று குறித்து வைத்திருக்கும் பொல்லாத பெட்டி. பழைய சரித்திரத்தோடு இறக்கினால் உண்மையும் கூடவே இறங்கும். அன்றைக்கு அவர் வரைந்த வட்டம் முட்டையாக வந்தது. நாலே நாளில் அது போய், வேறொருவரின் வட்டம் வந்தது. தாளில் அச்சானது அந்த வேறொருவருடையது.

ஆகவே சரித்திரத்தை நறுக்கிவிட்டு, கோப்புகளை மட்டும் மொத்தமாக அள்ளிக் கொட்டினார். கல்யாணம் காப்பாற்றப்பட்டது என்று கால் நீட்டி உட்கார்ந்தார்.

கால் மரத்துப்போகக்கூட நேரம் இல்லை.

"என்னங்க, முப்பதாயிரம் வரியும் நீங்களேவா எழுதினீங்க?"

"யாரு சொன்னா?"

"ரெப்போ சொல்லுது. எங்கே தொட்டாலும் உங்க பேருதான். வட்டம், சதுரம், நிழல், எல்லாமே."

"அது... மொத்தமா ஏத்தினா ஏத்தினவன் பேருதாம்மா விழும்."

"விழட்டும், எனக்கு வசதி. இதுல நூத்திப் பன்னெண்டு பிழை பிடிச்சு வெச்சிருக்கேன். வரி யார் பேருல இருக்கோ, பிழையும் அவங்க தலையில. கம்பெனி சட்டம்."

"நூத்திப் பன்னெண்டா! ஆயுசுக்கும் அதைத்தானே திருத்திக்கிட்டு இருப்பேன்!"

"மிச்சத்தைப் பேரன் பொறந்து வந்து பாத்துப்பான்."

"அடியே, நான் உன் புருஷன்!"

"ஆபீஸ் நேரத்துல நீங்க வெறும் பேரு. பேசாம சரித்திரத்தோட திரும்ப இறக்குங்க. எழுதினவங்களுக்கே பிழையை அனுப்பிடலாம்."

வேறு வழி? இறக்கினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே போகப் போக வருஷங்கள் இளமையாகிக்கொண்டே வந்தன.

அவள் ஒரு பழைய தேதியைத் தொட்டாள். "இந்த மாசம்தானே ஆபீஸ்ல ஃபேன் நின்னு போச்சு? ஒரே ஜன்னலுக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டோம்."

"நீதான் ஜெயிச்சே."

"அந்த ஜன்னல்ல காத்தே வரலை. சொல்லாம உட்கார்ந்திருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அந்தத் தேதி வந்துவிட்டது. வட்டம் இரண்டு கையாலும் திரையைப் பொத்தினார்.

"இதுக்குக் கீழே ஒண்ணுமில்ல."

"கையை எடுங்க. முட்டைதானே? தெரியும்."

"எப்போ பாத்தே?"

"ஊரே பாக்கலாம்னுதானே அதைத் திறந்து வெச்சிருக்காங்க? நீங்க தாளை நீட்டின அன்னிக்கே பாத்துட்டேன்."

வட்டம் திரையிலிருந்து கையை எடுத்தார். இருபத்தேழு வருஷப் பெருமை, காற்றுப் போன பலூன் மாதிரி நாற்காலியில் துவண்டது. "பொய்னு தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

அவள் திரையில் விரல் வைத்தாள். தம் முட்டை வட்டத்தை நீக்கியபோது அவரே எழுதிவைத்த குறிப்பு: 'தாங்கள் சொல்வதே சரி. என்னுடையதை நானே எடுத்துவிடுகிறேன்.'

"கோணல்னு ஒருத்தர் சொன்னதும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம ஒதுங்கியிருக்கீங்க பாருங்க. இதைப் படிச்சுட்டுத்தான் எங்க வீட்டுல சரின்னு சொன்னேன்."