இருபது தீப்பெட்டியிலும் எட்டெட்டுக் கடலை

வாயே திறக்காத பெண்களால் ஆபத்து வராது என்று நினைப்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை. என் வாய்தான் சும்மா இருக்கும், கை இருக்காது.

எழுபதுகளில் தெலுங்குச் சீமையில், மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒன்பதாவது படித்த என் மகள் விஜயா, பள்ளிக் கண்காட்சிக்காக இருபது தீப்பெட்டிகளை அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் பெயரெழுதி, உள்ளே கொண்டைக்கடலை போட்டிருந்தாள். (அடுப்பு மூட்ட நான் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கினேன்.) ஜெயித்தால் நகரக் கண்காட்சிக்குப் போகலாம்.

கண்காட்சி அன்று காலை நானும் அவளோடு பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். அட்டையை மேஜையில் வைத்ததும், "டீச்சர் கூப்பிடறாங்கம்மா. யாரும் தொடாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

யாரும் தொடவில்லை, என்னைத் தவிர. ஒரு பெட்டியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. கடைசி வரிசையில் மட்டும் எட்டெட்டு. அதிலும் உச்சியில் ஹீலியம் என்ற பெட்டியில் இரண்டே இரண்டு! பஸ் குலுக்கலில் சிந்திவிட்டது என்று முடிவு கட்டினேன். நவராத்திரிக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுண்டல் பொட்டலம் கட்டுபவள் நான்; ஒன்றில் குறைந்தாலும் மறுநாள் குழாயடியில் முகத்தைத் திருப்புவார்கள். பையில் மீதிக் கடலை இருந்தது. இருபதிலும் எட்டெட்டு நிரப்பினேன். (அஞ்சாவது வரை படித்த கணக்கு, துளி பிசகவில்லை.)

விஜயாவும் நடுவரும் சேர்ந்தே வந்தார்கள். அவள் முகம் வெளுத்தது. யார் செய்தது என்று நடுவர் தெலுங்கில் கேட்டார். ரேஷன் கடையில்கூடப் பேசாத நான், "நேனே சார்" என்று ஒப்புக்கொண்டேன்.

அதிகப்படியை எடுத்துக்கொண்டே விளக்கு என்றார் அவர். எடுத்தாள் பாருங்கள்! கடலை எல்லாம் வெளிக்கூட்டு எலக்ட்ரானாம். மேலிருந்து கீழாக ஒரே வரிசை என்றால் ஒரே குணமாம். சோடியம் தன் ஒற்றைக் கடலையைக் கொடுக்கத் துடிக்கும். அதன் கீழே பொட்டாசியம் இன்னும் அவசரக்காரன். ஏழு வைத்திருக்கும் குளோரின் ஒன்றுக்கு ஏங்கும். எட்டு இருப்பவர்கள் யார் வம்புக்கும் போகமாட்டார்கள். ஹீலியத்துக்கு மட்டும் இரண்டிலேயே வயிறு நிறைந்துவிடும்.

கடைசியில் சொன்னாள்: "சோடியமும் குளோரினும் சேந்தாதான் சார் உப்பு. எங்கம்மா எல்லாருக்கும் எட்டு குடுத்துட்டாங்க. இனிமே உலகத்துல உப்பே கிடையாது."

நடுவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஜயா தேர்வானாள். நகரக் கண்காட்சிக்கு அம்மாவை அழைத்து வரக்கூடாது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

இன்றும் மாப்பிள்ளை இலையில் இன்னொரு வடை வைக்கப் போனால், "நக்கோ அத்தை, எட்டு ஆயிடுச்சு" என்று கையால் மறிப்பார். நானும் நகர்ந்துவிடுவேன். ஆனால் அந்த ஹீலியத்துக்கு இரண்டே போதும் என்கிறார்களே, அதற்குத்தான் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.