உங்கள் தங்கைக்கு லோடு குறைத்த விவரம்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு முக்கால்வாசி நலம். அங்கு முழுதும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உங்கள் தங்கையின் கைநடுக்கம் நடுக்குவாதம்தான் என்று நரம்பு மருத்துவர் உறுதி செய்ததை அறிவீர்கள். காரணம் கேட்டேன். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி ஜெனரேட்டர்கள் இருக்கின்றனவாம். அவற்றின் முன்னோர் எப்போதோ வெளியிலிருந்து வந்து தங்கிவிட்ட கிருமிகளாம். அதாவது என்னைப் போல வீட்டோடு மாப்பிள்ளை. காலமெல்லாம் உழைத்தாலும், பழுதாகி ஒரு துண்டு கசிந்துவிட்டால், அந்நியன் புகுந்துவிட்டான் என்று உடம்பின் காவல்காரர்கள் அடிதடியில் இறங்குகிறார்களாம். அதற்குப் பெயர் அழற்சி. அந்தச் சண்டையில் மூளை நரம்புகளும் மடிவதாகச் சந்தேகிக்கிறார்கள் என்றார்.

ஆலையில் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு மாரடித்தவனிடம் இதைச் சொல்லலாமா? சூடானால் லோடைக் குறை, பழுதென்றால் பலகை மாட்டு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் துடைப்பத்தைப் பிடுங்கினேன், கரண்டியைப் பிடுங்கினேன், அவளுடைய தையல் மெஷினில் 'பழுது பார்க்கப்படுகிறது, இயக்காதே' என்று சிவப்புப் பலகை மாட்டினேன், அவளை நாற்காலியில் உட்கார வைத்து நானே சமைத்துப் போட்டேன், அதைச் சாப்பிட்டும் அவள் வாய் திறக்கவில்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது அவளை நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நடந்தால்தான் தசையில் அந்த ஜெனரேட்டர்கள் பெருகும், நோய் போகாவிட்டாலும் நடை கைவிட்டுப் போகாது என்றார் அவர். நான் நம்பவில்லை. உங்கள் தங்கைதான் பேசினாள்.

"சும்மா கிடக்கிற ஜெனரேட்டரையே வாராவாரம் ஓட்டிப் பார்ப்பீங்க. என்னை மட்டும் ஏன் மூடி வெச்சீங்க?"

அன்று மாலையே பலகையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். இப்போது சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை நடக்கிறாள். அது போதாதென்று தெருமுனைத் தபால் பெட்டி வரை தனியாகப் போகப் போகிறாளாம். துணைக்கு நான் வரக்கூடாதாம். வழியில் விழுந்துவிட்டால்? எனக்குப் பயமாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பேச்சு எடுபடாது. அண்ணன் சொன்னால் கேட்பாள். உடனே புறப்பட்டு வந்து தடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு, தானே தபாலில் போடுவதாகக் கை நீட்டி நிற்கிறாள். கொடுக்கப் போகிறேன். இது உங்களிடம் வந்து சேர்ந்தால், நீங்கள் வர வேண்டாம்.