தீபாவளித் துப்பாக்கியும் என் சொற்பொழிவும்

மைக் இல்லாவிட்டாலும் பேசிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. எதிரில் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் அது அடைத்துக்கொண்டது. அன்று என் கையில் துப்பாக்கி இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் இருப்பது அஜ்மானில். எனக்கு துபாய் அல் குசைஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. மகள் யாழினிக்கு எட்டு வயதாக இருந்தபோது, அவளுடைய தோழி ஒருத்தி பிறந்தநாளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் கொண்டாடினாள் (கேக் வெட்டக் கத்தி போதாதா என்று கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை). தோழியின் அப்பா சுலைமான் காக்கா, காயல்பட்டினத்துக்காரர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), மளிகைக் கடை வைத்திருப்பவர். பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஏர் கன்தான். ஆனாலும் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். அவ்வளவுதான், தொண்டை திறந்துகொண்டது.

“பால்பல்கூட முழுசா விழாத பிள்ளைங்க கையில துப்பாக்கியா காக்கா? இன்னிக்கு அட்டையைச் சுடும், நாளைக்கு?”

“முறையா சொல்லிக் கொடுத்தா பிள்ளைக்கு அடக்கம் வரும் தம்பி. தெரியாம தொடுறதுதான் ஆபத்து” என்றார் அவர்.

நான் விடுவேனா? துப்பாக்கியைத் தொட்ட விரல் பேனாவைத் தொடாது என்கிற அளவுக்குப் போய்விட்டேன். மற்ற பெற்றோர் செல்போனைப் பார்த்தார்கள். என் மனைவி செல்வி தரையைப் பார்த்தாள். யாழினி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சியாளர் மற்ற பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து தீபாவளிக்கு லீவில் கோவில்பட்டி போனோம். கடைத்தெருவில் தகரத் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. ரோல் கேப்போடு வாங்கினேன். மகளுக்காகத்தான் (அப்படித்தான் வீட்டில் சொன்னேன்). ஒரு கண்ணை மூடிக் குறி பார்க்க நானே கற்றுக்கொடுத்தேன். குறியும் நானே. அவள் சுடச் சுட, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் விழுந்து ஒரு நாளைக்கு எட்டு முறை செத்தேன்.

“கிளப்புல என்னமோ பேசுனீகளே?” என்றாள் செல்வி.

“அது துப்பாக்கி. இது தீபாவளி” என்றேன்.

திரும்பும் நாளில், செல்விக்குத் தெரியாமல் முறுக்கு டப்பாவுக்கும் இட்லிப் பொடிக்கும் நடுவில் அதைப் பெட்டிக்குள் சொருகினேன். கேப் டப்பாக்களை ஊரிலேயே விட்டுவிட்டேன், அந்த மட்டும் புத்தி இருந்தது. துப்பாக்கிக்குள் காலையில் நான் மாட்டிய சுருள் பாதி மிச்சம் இருந்ததை மறந்துவிட்டேன்.

புறப்பட்ட இடத்தில் பெட்டி எப்படியோ தப்பிவிட்டது. விமானம் மேலே ஏறிய பிறகுதான் பயம் பிடித்தது. பொம்மைதானே என்று ஒரு மனசு சொல்லும். உன் மூஞ்சிக்கு அவன் நம்புவானா என்று இன்னொரு மனசு கேட்கும். கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்று முறை பாத்ரூம் போனேன்.

இறங்கியபோது நடுப்பகல். வெளியே வரும் வழியில் பெட்டிகளை மறுபடியும் ஸ்கேனில் விட்டார்கள். எங்கள் பெட்டி உள்ளே போனது. பெல்ட் நின்றது. திரையில், வட்ட வட்ட முறுக்குகளுக்குப் பக்கத்தில், அச்சு அசலாக அது கிடந்தது.

வேலை போச்சு, விசா போச்சு, பிள்ளையின் படிப்பு போச்சு. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, அதை எடுத்து மேஜையில் வைத்தார்.

“யே க்யா ஹை, பாய்?” இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

பொம்மை என்று ஏதாவது ஒரு பாஷையில் சொல்லியிருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டது. வாயால் வராததைக் கையால் காட்டுவோம் என்று நினைத்த அந்த நிமிஷத்து மடத்தனத்தை என்னவென்று சொல்ல? துப்பாக்கியை எடுத்தேன். எதிரில் இருந்தவரைப் பார்த்து நீட்டினேன். அவர் அதிகாரி. விசையை அழுத்தினேன்.

டப்!

புகை வந்தது. தீபாவளி வாசனையும் வந்தது. பின்னால் ஒருவர் தள்ளுவண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் துப்பாக்கியை நீட்டியபடியே நின்றேன்.

“அப்பா! ஆள் பக்கம் நீட்டாதீங்க!” யாழினியின் குரல். “விரலை எடுங்க! தரையைப் பார்த்துப் பிடிங்க! மெதுவா கீழ வைங்க. இப்ப ரெண்டு அடி பின்னால வாங்க!”

வார்த்தைக்கு வார்த்தை செய்தேன்.

ஒரு சின்ன அறையில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். செல்வி அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? அதிகாரி யாழினியிடம் மட்டும்தான் இங்கிலீஷில் பேசினார். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்று எங்கே படித்தாய் என்று கேட்டார். “கிளப்பில். அப்பா என்னைச் சுட விடவில்லை, அதனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்” என்றாள். கடைசியில் துப்பாக்கியை அவர்கள் வைத்துக்கொண்டு, என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு எங்களை வெளியே விட்டார்கள்.

“பேபி மாலூம். இன்தா மாஃபி மாலூம். கலாஸ், யல்லா” என்றார் அதிகாரி. பிள்ளைக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை, கிளம்பு என்று அர்த்தம்.

சின்னப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுக்கலாமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனால் வாதாட முடியவில்லை. டிவி ரிமோட்டை எடுத்தால்கூட “தரையைப் பார்த்து!” என்று வீடே கத்துகிறது. சுலைமான் காக்கா என்னைக் கண்டால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் ஸலாம் சொல்கிறார்.

போன மாதம் யாழினி அதே கிளப்பின் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் தொண்டை மெல்லத் திறந்தது.

“இங்க பாரும்மா, சின்னப் பிள்ளைங்க கையில...”

“எனக்கு இல்லப்பா” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். பயிற்சி பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.