கையெழுத்து அக்காவின் டெலிவரி ஷீட்

பவித்ரா, கிஷோர், ரெண்டு பேரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள். அப்பா பத்தாவதோடு நின்றவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் கையெழுத்து என்கிற விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பதினாலு வருஷமாக கூரியர் கொடுக்கிறேன். தூங்குகிறவரை எழுப்பி வாங்கியிருக்கிறேன், சண்டை நடுவில் புகுந்து வாங்கியிருக்கிறேன், தாலி கட்டி முடித்த கையோடு மாப்பிள்ளையிடம் வாங்கியிருக்கிறேன். ஊரெல்லாம் கையெழுத்து வாங்கின என்னையே தோற்கடித்த ஒரே ஆள், பம்மலில் இருந்த கையெழுத்து அக்கா. உலகத்திலேயே இட்லிக்குக் கையெழுத்து வாங்கின முதல் பெண்மணி அவர்தான். கடைசியும் அவராகத்தான் இருக்கும்.

அவரை இப்போது ஏன் நினைத்தேன் என்றால், பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தை முந்தாநாள் பவித்ரா நிரப்பி என்னிடம் நீட்டினாள். தாயின் தொழில் என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். நான் படித்தேன். படித்துவிட்டு அடியில் கையெழுத்தும் போட்டேன். அப்போது உங்கள் அம்மா கிஷோரின் சாக்ஸில் ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்காக இதை எழுதவில்லை. போட்டவன் நான்.

அந்த அக்கா வீடு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மூன்றாவது தெரு. வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு பையன், என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். பழைய தோல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மாமனார். அந்தத் தெருவுக்கு தினமும் ஏதாவது கவர் இருக்கும். அக்கா வீட்டுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த கிரில் கேட் பக்கத்தில் வண்டியை நிறுத்துவேன். இஞ்சி தட்டிப்போட்டு ஒரு சொம்பு மோர் வரும். குடித்துவிட்டுப் போவேன்.

ஒருநாள் அவர் வீட்டுக்காரருக்கு பேங்க் கவர் வந்தது. அவர் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஆள் போலிருக்கிறது. ஒவ்வொருவராக விவரம் கேட்கிறான். இவர் சொல்கிறார். கடைசியில், "வைஃபா? அது சும்மா வூட்லதான் கீது சார்" என்றார். அக்கா ஒரு கையில் அரிசி மாவோடு வந்து என் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஷீட்டைத் திருப்பித் தராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் தம்பி, ஒரு கவர் குடுத்தா ஒரு கையெழுத்தா?"

"ஆமாக்கா. குடுத்தேன்னு ஆபீஸ்ல காட்டணும்ல."

"இருபத்திரண்டு வருஷமா நானும் குடுத்துகினு இருக்கேன். ஒருத்தரும் போட்டதில்லையே."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்தநாள் வெற்று ஷீட் இருக்கிறதா என்று கேட்டார். ஆபீசில் அச்சு கோணலாகி ஒதுக்கிப்போட்ட கட்டு ஒன்று இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையில் எனக்கு வேலையே இல்லை.

மூன்றாம் நாள் போனால், கிரில் கேட் பக்கத்து ஆணியில் ஷீட் தொங்குகிறது. வரிசை எண், பொருள், பெறுநர், நேரம், கையெழுத்து எல்லாம் நம்ம ஆபீஸ் மாதிரியே. பொருள் என்ற இடத்தில் இட்லி ஆறு, சட்னி ரெண்டு வகை. தேய்த்த சட்டை ஒன்று. காணாமல் போன பைக் சாவி, சோபா அடியிலிருந்து. மோட்டார் போட்டது, அதை மறக்காமல் நிறுத்தியதும்.

வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்துக்கொண்டே போட்டாராம். இரண்டாம் நாள், இன்னாடி இது பேஜாரா கீது என்று எகிறியிருக்கிறார். அக்கா தட்டை சமையல் மேடை மேலேயே வைத்துக்கொண்டு, கையெழுத்து வந்தால் தட்டு வரும் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் நாலு பேரை மிரட்டி வேலை வாங்குகிற மனிதர் பசியில் பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தார். அன்றைய மதியச் சாப்பாட்டில் பேனா கிடைக்காமல் சாம்பார் விரலை அழுத்திவிட்டுப் போனார். அக்கா அதையும் வாங்கிக்கொண்டார். காய்ந்த பிறகு பார்த்தேன். பத்திர ஆபீசில்கூட ரேகை அவ்வளவு தெளிவாக விழாது.

பையன் கொஞ்சம் விவரமானவன். அப்போதுதான் கூரியரில் ஓடிபி வர ஆரம்பித்திருந்தது. இப்போது யாரும்மா கையெழுத்துப் போடுகிறார்கள், ஓடிபிதான் எல்லாம் என்று அம்மாவை மடக்கினான். அக்கா சரி என்று தலையாட்டினார். மறுநாள் காலேஜுக்குக் கிளம்பும்போது டிபன் டப்பாவைக் கேட்டால், ஓடிபி சொல்லு என்றார். எந்த ஓடிபி என்றான். நேற்று துவைத்த துணிக்குவியலில், ஏதோ ஒரு சட்டைப் பாக்கெட்டில் நாலு நம்பர் எழுதிய சீட்டு இருக்கிறது என்றார். கலைத்துப்போட்டுத் தேடக்கூடாது, ஒவ்வொன்றாக மடித்துவைத்துத்தான் தேட வேண்டும். பதினேழு துணி மடித்த பிறகு சீட்டு கிடைத்தது. பிறந்ததிலிருந்து அவன் மடித்தது அந்தப் பதினேழுதான். பஸ் போய்விட்டது. மறுநாளிலிருந்து ஒழுங்காகக் கையெழுத்துக்கு வந்துவிட்டான்.

காணும் பொங்கலுக்கு வண்டலூர் ஜூ பார்க்க என்று சொந்தக்காரர்கள் பதினொரு பேர் வேன் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அக்கா எழுந்த நேரம் என்னவோ, பதினொரு எலுமிச்சை சாதப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். வேன் வாசலில் ஷீட்டோடு நின்றுகொண்டார். பத்து பேர் போட்டார்கள். வீட்டுக்காரரின் பெரியம்மா மட்டும் மாட்டேன் என்றார். நிலம் நீச்சோடு இருந்த குடும்பம், ஒருகாலத்தில் எதிலோ கையெழுத்துப் போட்டு ஏரிக்கரை மனையை இழந்தவர்கள். "படிச்சிக் காட்டு. வக்கீல வெச்சி பார்த்துட்டுதான் போடுவேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் முழுசாகப் படித்துக் காட்டினார். எலுமிச்சை சாதம் ஒன்று, ஊறுகாய் ஒன்று. இதில் மனை எங்கேயும் இல்லையே பெரியம்மா என்று சத்தியம் பண்ணின பிறகுதான் போட்டார். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் புலி தூங்கப் போய்விட்டதாம். அந்தக் கோபம் குடும்பத்தில் இன்னும் இருக்கும்.

தெருவே சிரித்தது. கையெழுத்து அக்கா என்று பேர் வைத்ததும் தெருதான். நானும் போகிற வீடெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அந்த வீட்டில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவர் மாமனார் ஒருவர்தான். முப்பது வருஷம் ரிஜிஸ்தரில் எழுதின கை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதி, நேரம் எல்லாம் போட்டு, 'சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை குறைவு. மற்றபடி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி முழுப் பெயரும் போடுவார். அக்காவுக்கு அதில் கோபமே கிடையாது. குறை எழுதினாலும் தின்று பார்த்துவிட்டுத்தானே எழுதுகிறார் என்பார். அவர் எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அக்கா தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார்.

மாமனார் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் குன்றத்தூரில் சின்ன மகன் வீட்டில் என்று முறை. முறை வந்தது, போய்விட்டார். அதற்கப்புறம் ஷீட் காலியாக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று மிரட்டினார். பையன் டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு ஓடினான். அக்கா ஒருநாள் மோரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு வாரம் தம்பி. திங்கள்லேர்ந்து சனி வரைக்கும். ஒரு கட்டம்கூட காலியில்லாம ஒரு ஷீட் நெறையணும். நெறஞ்சுட்டா எடுத்து பீரோல வெச்சுட்டு, இந்தக் கூத்த விட்டுடறேன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

வாரம் முழுவதற்கும் ஒரே ஷீட் போட்டிருந்தார். காலை டிபன், மதிய டப்பா, துவைத்த துணி, ராத்திரிச் சாப்பாடு. இரண்டு பேருக்கும் ஆறு நாள். திங்கள்கிழமை எட்டுக் கட்டமும் நிரம்பியிருந்தது. செவ்வாய் காலி. புதன் காலி. வியாழன் நான் ஆணிப் பக்கம் பார்க்காமல் மோர் குடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனபோது அக்கா இல்லை. தெருமுனையில் தண்ணி லாரி நின்றது, குடத்தோடு போயிருந்தார். ஷீட் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது கட்டம் காலி. எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. வீடு பூட்டியிருந்தால் கவரைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு நாங்களே ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுப் போவதுண்டு. தப்புதான், ஆனால் வெயிலில் இரண்டாம் தடவை யார் வருவது? ஷீட்டை எடுத்து, காற்றில் சுருண்டிருந்த அடிப்பக்கத்தைப் பார்க்காமலே மடித்து, வண்டி சீட்டின் மேல் வைத்தேன். வீட்டுக்காரர் மாதிரி இருபது, பையன் மாதிரி இருபது. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. திரும்ப ஆணியில் மாட்டினேன்.

அக்கா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக வந்தார். குடத்தை இறக்கி வைத்ததும், ஷீட்டைப் பாருங்கக்கா, நெறஞ்சுடுச்சு என்றேன்.

அவர் பார்த்தார். பிள்ளைகளே, அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஈரக் கையைப் புடவையில் நாலு தடவை துடைத்துக்கொண்டார். ஷீட் நனைந்துவிடக்கூடாது என்று. அப்புறம் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"இன்னிக்கு ராத்திரி சாப்பாடு நான் இன்னும் ஆக்கவே இல்லையே தம்பி. அதுக்கும் கையெழுத்து விழுந்துருக்கு."

கையில் இருந்த பேனாவைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகினேன்.

"உன் ஆபீஸ்ல இப்டி நீயே போட்டா இன்னா பண்ணுவாங்க?"

"வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கக்கா."

"அப்போ உன் கவருக்கு இருக்கற மரியாத எங்க வூட்டு சோத்துக்கு இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குத் தண்ணி கலங்கலாக வந்தது என்று சொல்வார்களே, அந்த மாதிரிச் சொன்னார்.

ஷீட்டை மடித்து என் பையில் அவரே வைத்தார். உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். அன்றைக்கும் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆணி மட்டும் இருந்தது. அடுத்த மாதம் என்னைச் சேலையூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். ரொம்ப நாள் கழித்து அந்தத் தெருவுக்குப் போனபோது வீட்டை இடித்து அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கே போனார்கள் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்றால், ஆறேழு வருஷம் மோர் குடித்த எனக்கு அவர் பெயர் தெரியாது. அந்த வீட்டுக்கு வந்த கவர் எல்லாமே ஆண்கள் பெயருக்குத்தான் வந்தது. அக்கா போட்ட கையெழுத்தை நான் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

பவித்ரா, அந்தப் படிவம் இன்னும் உன் பையில் இருந்தால் எடுத்து வா. அப்பா தன் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்றைக்குக் காலையில் நீங்கள் பள்ளிக்கூடம் போய், அம்மா ரேஷன் கடைக்குப் போன பிறகு, பரண் மேலிருந்த பழைய கூரியர் பையை இறக்கினேன். உங்களிடம் காட்டலாம் என்று அந்த ஷீட்டைத் தேடி எடுத்தேன். முழுசாகப் பிரித்தது இன்றைக்குத்தான். அன்று வண்டி சீட்டில் நான் மடித்துவைத்த அடிப்பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. பொருள்: மோர். பெறுநர்: கூரியர் தம்பி. திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம். ஆறும் காலி. ஊருக்கெல்லாம் போலிக் கையெழுத்துப் போட்டவன், உண்மையாகப் போட வேண்டியதைப் போடவே இல்லை.

தரையில் உட்கார்ந்து, நான் கிறுக்கின நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். பிறகு அடி வரிசையில் ஆறு கட்டத்திலும் அவசரமில்லாமல் என் முழுப் பெயரைப் போட்டேன். இடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தப் பெரியவர் எழுதுகிற மாதிரி எழுதினேன்.

'மோர், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். இஞ்சி சரியாக இருந்தது அக்கா.'